சாம்பலைப் பச்சையாக்கியவள்

இரும்புக் கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் எங்கள் மென்பொருளில் மூன்று நிறங்கள் உண்டு. பச்சை என்றால் அந்த உறுப்பு தாங்கும். சிவப்பு என்றால் தாங்காது. சாம்பல் என்றால், 'இதை நான் கணக்கே பார்க்கவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மென்பொருள் கையை விரித்துவிட்டது என்று அர்த்தம். அதை வாங்கிய எல்லா அலுவலகங்களிலும் மூன்று நிறம்தான். எங்கள் அலுவலகத்தில் மட்டும் இரண்டு. எட்டு வருடங்களுக்கு முன்னால் சாம்பலைப் பச்சையாக மாற்றியது நான்.

யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று மாற்றவில்லை. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற காலம். கட்டட உரிமையாளர் ஒருவர் எங்கள் அச்சுப் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, அங்கங்க சாம்பல் பூத்துக் கெடக்கு? வேலை இன்னும் முடியலையா?" என்றார். பெரிய சார் என் பக்கம் திரும்பி, "கிளையண்ட்டுக்குப் புரியற மாதிரி குடும்மா" என்றார். அலுவலகம் அவருடையது. எல்லாக் கட்டடத்துக்கும் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். நான் என் மேசைக்குப் போய், நிறப்பட்டியலைத் திறந்து, சாம்பல் இருந்த கட்டத்தில் பச்சையைப் போட்டேன். ஐந்து விநாடி வேலை. புதுப் பிரதியைப் பார்த்த உரிமையாளருக்கு முகமெல்லாம் பல். போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்தார்.

மாற்றியதை அந்த ஒரு வேலையோடு விட்டிருக்கலாம். விடவில்லை. புது வேலை எது வந்தாலும் நாங்கள் முதலில் திறக்கிற ஒரு கோப்பு உண்டு, தாய்க்கோப்பு என்போம். அதில் கொண்டுபோய்ச் சேமித்தேன். கெட்டிக்காரி என்று பெயர் வாங்க வேண்டுமே.

இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். ஜாயிஸ்ட் என்றால் என்ன என்று தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். பெரிய கூடங்களின் கூரைக்கு அடியில் அண்ணாந்து பார்த்தால், மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, நடுவில் வளைந்து வளைந்து ஓடும் இன்னொரு கம்பி என்று மெலிந்த இரும்புச் சட்டங்கள் வரிசையாகத் தெரியும். அவைதான். கூரையைத் தூக்கி நிற்பவை அவையே. ஆனால் அவற்றின் கம்பி எவ்வளவு தடிமன் என்று நாங்கள் தீர்மானிப்பதில்லை. ஜாயிஸ்ட் செய்கிற ஆலையில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பாரம் எவ்வளவு என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம்; கணக்கை அவர்கள் பார்ப்பார்கள். அதனால் கணினியில் நாங்கள் செய்யும் கட்டட மாதிரியில் ஜாயிஸ்ட் சும்மா பேருக்கு ஒரு தடித்த கோடு. 'இதைச் சோதிக்காதே' என்று அதில் ஒரு குறி வைப்போம். நியாயமாக அது சாம்பல் நிறத்தில்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பிரதிகளில் அது பச்சையாக இருந்தது. எட்டு வருடமும்.

இது எனக்கு உறைத்த அன்று காலையில் வந்த மின்னஞ்சல் ஒரு தையல் கூடத்தைப் பற்றியது. ஆறு வருடம் முன்பு எங்கள் அலுவலகம் வரைந்து கொடுத்த கட்டடம்; மாதிரியைச் செய்தது நான். வெயில் தாங்கவில்லை என்று உரிமையாளர் கூரைமேல் ஆறு குளிரூட்டும் இயந்திரங்கள் வைக்கப் போகிறாராம். 'தாங்கும்' என்று ஒரு கடிதம் வேண்டும், இன்று சாயங்காலத்துக்குள். பெரிய சார் என் மேசையருகில் நின்று, "ஆறு பாரத்தையும் போட்டு, ஒரு பிரிண்ட் எடுத்து, லெட்டரோட கொண்டாம்மா. அரை மணி நேர வேலை" என்றார்.

அந்தக் கூடத்தை எனக்கு நன்றாகவே தெரியும். என் தங்கை அங்கேதான் மேற்பார்வை பார்க்கிறாள். சீருடை தைக்கிற இடம். மொத்தம் நூற்றெண்பத்துநாலு பேர். வேலையில்லாமல் வீட்டில் அம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளை, பெரிய சாரிடம் சொல்லி, அவர் உரிமையாளரிடம் சொல்லி, அங்கே சேர்த்துவிட்டது நான்தான். "உன் அக்கா கட்டின கட்டடம்டி, தைரியமா போ" என்று அம்மா அனுப்பினாள். எனக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை.

பழைய மாதிரியைத் திறந்தேன். கூரை முழுக்கப் பச்சை. இயந்திரம் ஒவ்வொன்றும் எண்ணூறு கிலோ. ஒவ்வொரு இடமாகச் சொடுக்கி எண்ணைத் தட்டிக்கொண்டே போனேன். கணக்கை ஓடவிட்டேன். பச்சை. பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு, கடிதத்தில் எண்களை எழுதுவதற்காகத் திரும்பிப் பார்த்தபோதுதான் நான்காவது இயந்திரத்தில் ஒரு சுழியம் கூடுதலாக விழுந்திருப்பதைக் கவனித்தேன். எண்ணூறுக்குப் பதில் எட்டாயிரம்.

எட்டாயிரம் கிலோ. சரக்கேற்றிய லாரியைத் தூக்கிக் கூரைமேல் வைத்தது போல. அதற்கும் பச்சை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் வேண்டுமென்றே இன்னொரு சுழியத்தைத் தட்டினேன். எண்பதாயிரம். பச்சை. இன்னொன்று. பச்சை. அந்த ஜாயிஸ்ட் வரிசையின் மேல் மலையையே கொண்டுவந்து வைத்தாலும் அந்தக் கோடு பச்சையாகவே இருக்கும் என்பது எனக்குப் புரிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அது தாங்குகிற பச்சை அல்ல. நான் பூசிய பச்சை.

பதறாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜாயிஸ்ட் ஆலைக்காரர்கள் கணக்குப் பார்த்திருப்பார்கள். அவர்கள் அனுப்பிய தாள் அலமாரியில் இருக்கும். அதை எடுத்து ஒட்டிப் பார்த்தால் போயிற்று. வரைபடம் போடுகிற அண்ணனிடம் கேட்டேன். பக்கத்து மேசை, பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறார், எந்தக் காகிதம் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும்.

"ஆலைத் தாளா? அது எங்கம்மா இருக்கு?" என்றார். "அவங்க நாலு மாசம் ஆகும்னாங்க. ஓனருக்குப் பொறுமை இல்ல. பக்கத்துல ஒரு பட்டறையில குடுத்துச் செஞ்சுக்கிட்டாரு."

"பட்டறையில கணக்குப் பாத்தாங்களா?"

"அவங்க எங்க பாக்கறது? கம்பிய வெட்டி ஒட்டுறவங்க. நம்ம பிரிண்ட்டத்தான் குடுத்தாரு ஓனரு. எல்லாம் பச்சையா இருக்கே, எஞ்சினியர் பாத்துட்டாருன்னு வச்சுக்கிட்டாங்க." அண்ணன் அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு, தூசி பிடித்த ஒரு சுருளை இழுத்தார். "இந்தா, பட்டறைக்காரன் வரைஞ்சது. முன்னாடி ஒரு வண்டிக் கொட்டகைக்குச் செஞ்சானாம். அதே கம்பி அளவு."

வண்டிக் கொட்டகையின் அகலம் இந்தக் கூடத்தில் பாதிகூட இருக்காது. எங்களுக்கு ஆலை பார்த்துக்கொள்ளும். பட்டறைக்கு நாங்கள் பார்த்தாயிற்று. உரிமையாளருக்கு எல்லாரும் பார்த்தாயிற்று. நீ பார்ப்பாய் என்று நானும், நான் பார்ப்பேன் என்று நீயும் இருந்ததில், அந்தக் கூரையை ஒருவரும் பார்க்கவே இல்லை.

பட்டறைக்காரனின் அளவுகளை ஒவ்வொன்றாக மாதிரியில் ஏற்றினேன். 'சோதிக்காதே' என்ற குறியை எடுத்தேன். இயந்திரங்கள் ஆறையும் நீக்கிவிட்டு, கூரையும் அதன் சொந்த எடையும் மட்டும் வைத்து ஓடவிட்டேன். ஒன்று என்ற எண்தான் எல்லை. அதைத் தாண்டினால் உடையும் ஆபத்து. நடு வரிசை ஜாயிஸ்டுகளில் எண் நின்ற இடம்: 0.97. யாரும் எதையும் ஏற்றாமல், காற்றில்லாமல், மழையில்லாமல், வெறுமனே நிற்பதற்கே கிட்டத்தட்ட முழுப் பலமும் போய்விட்டது.

மின்னஞ்சலோடு வந்த புகைப்படங்களை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். இயந்திரங்கள் வைக்க வேண்டிய இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக் கூரைமேல் நின்று எடுத்திருந்தார்கள். முழங்கால் உயரச் சுற்றுச்சுவர். மூலைகளில் தண்ணீர் இறங்க நான்கு துளைகள். நான்கும் காய்ந்து கிடந்தன. நான்காவது படத்தில், கூரையின் நடுவே, வானத்தின் நிறத்தில் ஒரு குளம். அதில் ஒரு பறவை கால் நனைத்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது.

மூலை காய்ந்து நடுவில் தண்ணீர் நிற்கிறது என்றால், நடு ஏற்கெனவே குழிந்துவிட்டது. குழிந்த இடத்துக்குத் தண்ணீர் வரும். தண்ணீரின் பாரத்தில் இன்னும் குழியும். இன்னும் தண்ணீர் வரும். இது எங்கே போய் நிற்கும் என்று படிக்கும் காலத்தில் வாத்தியார் கேட்டு, அவரே பதிலும் சொன்னார்: நிற்காது. மாதிரியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றினேன். 1.4. திரை முழுக்கச் சிவப்பு. என் வாழ்க்கையில் அவ்வளவு சிவப்பை அந்தத் திரையில் பார்த்ததில்லை. சன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கிழக்குப் பக்கம் வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது.

பெரிய சாரின் அறைக்குள் போகும்போது மணி ஒன்றேகால். சொன்னேன். பிரதியைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று அண்ணன் அவரைப் பற்றிச் சொல்வார். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

"ஆறு வருஷமா நிக்குதுல்ல?"

"நிக்குது சார். குழிஞ்சுக்கிட்டே நிக்குது."

"கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். சும்மா கெடக்கிற சங்க எதுக்கும்மா ஊதற? லெட்டர் இப்ப போட வேணாம். ஓனர் வெளியூர்ல இருக்காரு. நாளைக்கு வரட்டும், பக்குவமா பேசுவோம்."

"சார், இன்னைக்கு மழை வரும்."

அவர் பிரதியைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது. "இந்தக் கலரை யார் மாத்தினது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க..."

"நான் கலர மாத்தச் சொன்னேனா? கிளையண்ட்டுக்குப் புரியற மாதிரி குடுன்னு சொன்னேன். மாத்தினது யாரோட கை?" அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்கு ஒரு விசாரணைன்னு வந்தா, தாய்க்கோப்புல யார் பேர் இருக்குன்னு பாப்பாங்க. உனக்கும் குடும்பம் இருக்கு. போய் உக்காரு. யாருக்கும் போன் பண்ணாத. நான் பாத்துக்கறேன்."

போய் உட்கார்ந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்கிற எல்லாமே பொய்யாகிவிடும்: முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் நான் பயந்தது அந்த நூற்றெண்பத்துநாலு பேருக்காக அல்ல. என் வேலைக்காக. என் பெயருக்காக. விசாரணை அறையில் ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பவும் பார்த்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம், அந்த மாதிரி. அவருடைய அறைக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் போனைத் தொடவே இல்லை.

சன்னலில் முதல் துளி விழுந்தபோது கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். தங்கையைக் கூப்பிட்டேன்.

"என்ன மேடம், அதிசயமா இருக்கு. வேலை நேரத்துல போனு? அதான் மழை கொட்டப்போகுது" என்று எடுத்தாள். பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல். யாரோ ஒருத்தி சிரித்தாள்.

"அம்மாவுக்கு முடியல" என்றேன். "உடனே வீட்டுக்குக் கெளம்பு. இப்பவே."

"அம்மாவா? இப்பத்தானே பேசினாங்க. வரும்போது மாத்திரை வாங்கிட்டு வாடி, மறந்துட்டு வந்து நிக்காதன்னு நல்லா திட்டினாங்களே."

"அதுக்கப்புறம்தான்..."

"அக்கா." அவள் குரல் மாறியது. "நீ பொய் சொன்னா உனக்கு மூச்சு வாங்கும். சின்ன வயசுல இருந்து அப்படித்தான். என்னன்னு சொல்லு."

சொன்னேன். படிக்கட்டின் சுவரில் சாய்ந்துகொண்டு, நிறத்தை, பட்டறையை, குளத்தை, பறவையை, எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திர இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "நடு வரிசையில ரெண்டு வாரமா லைட்டு ஒரே நேர்கோட்டுல இல்ல. ஸ்டோர் ரூம் கதவு வேற மேல இடிக்குது, சாத்த முடியல. தச்சனைக் கூட்டி வந்து கதவைச் சீவச் சொன்னேன்."

"வெளிய வந்துரு. கெஞ்சிக் கேக்கறேன்."

"என்னைய மட்டும்தான் கூப்பிட்டியா?"

வேறு யாரையும் நான் கூப்பிட்டிருக்கவில்லை.

"நூத்தியெண்பத்துநாலு பேரு இருக்காங்கக்கா. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற மாதிரி, அம்மாவுக்கு முடியலன்னு என்னைய மட்டும் வெளிய இழுக்கப் பாத்த. எனக்குப் பின்னாடி உக்காந்து தைக்கிறாளே, அவளுக்கு ஒரு அக்கா இல்ல, அதான் வித்தியாசம்." கோபமா அழுகையா என்று தெரியவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. துளித்துளியாக ஆரம்பித்து இறங்குகிற மழை அல்ல. வாளியைக் கவிழ்த்தது போல ஒரே கொட்டு. படியிறங்கி என் மேசைக்கு வந்தேன். திரையில் அந்தச் சிவப்புக் கூரை அப்படியே இருந்தது. ஐந்து விரல், ஆறு விரல் என்று தண்ணீரை ஏற்றிப் பார்க்கக் கை பரபரத்தது. ஏற்றவில்லை. வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன. அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. பட்டறைச் சுருள் என் மேசையில் விரிந்து கிடந்ததே போதும்.

இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது தடவை அவள் எடுத்தாள்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சுக்கா!" மூச்சிரைக்கக் கத்தினாள். "ஒருத்தர் பாக்கி இல்ல. நானே ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் திரும்பிக்கொண்டார். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவ்வளவு உற்சாகமாக அவளை நான் எப்போதும் கேட்டதில்லை. தீ மணியை அடித்தாளாம். எங்கே தீ, எங்கே புகை என்று மேலாளர் ஓடிவந்தாராம். "கூரை விழப்போகுது சார், எங்க அக்கா சொன்னா"ன்னதும், "உங்க அக்கா என்ன ஜோசியமா பாக்கறா"ன்னு பாய்ந்தாராம். நடு விளக்கு வரிசையைக் கையைக் காட்டி, "நீங்களே பாருங்க"ன்னாளாம். அண்ணாந்து பார்த்தவரே அப்புறம் எல்லாரையும் வெளியே போகச் சொன்னாராம். வேலையை விட்டு எழுந்திருக்க மனசில்லாத இரண்டு பேரைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாளாம்.

"திட்டினதெல்லாம் மனசுல வச்சுக்காத. நீ சொல்லலன்னா..."

தொலைபேசியில் ஒரு சத்தம். இடி என்றுதான் நினைத்தேன். இடி இவ்வளவு நீளமாக இருக்காது. பெரிய இரும்புக் கதவை யாரோ இழுத்துக்கொண்டே போவது போல ஆரம்பித்து, கடைசியில் தரையே அதிர்வது போல முடிந்தது. அப்புறம் நூறு பேர் ஒன்றாக மூச்சை இழுத்த ஓசை. அதற்குப் பிறகு கத்தல்.

"அக்கா," என்றாள். "விழுந்துருச்சுக்கா. நடுவுல இருந்து அப்படியே... சுவர் மட்டும்தான் நிக்குது. என் மேசை அங்கதான்கா இருந்துச்சு."

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே? தள்ளித்தானே நிக்கறீங்க?"

"தள்ளித்தான் இருக்கோம். யாருக்கும் ஒண்ணும் இல்ல. மழையில நனைய வேணாம்னு மேனேஜரே சாவி கொண்டாந்து தொறந்துவிட்டாரு. எல்லாரையும் எதிர்ல புது ஹால்ல உக்கார வச்சிருக்கேன்."

புது ஹால்.

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது. அதில் எனக்கு வேலையே இல்லை. அதனால் மண்டையில் இல்லை. போன வருடம் அதே உரிமையாளர், அதே வளாகத்தில், சரக்கு அடுக்க இன்னொரு கூடம் கேட்டார். பெரிய சார் பழைய கோப்பைப் பெயர் மாற்றி, நீளத்தில் இரண்டு தூண் வரிசை கூட்டச் சொன்னார். அண்ணன் செய்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பெரிய சார் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றேன். "புது ஹாலுக்கு ஜாயிஸ்ட் யார் செஞ்சது?"

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அதே பட்டறை. அதே கம்பி.

"எல்லாரையும் வெளிய கொண்டா," என்று கத்தினேன். "இப்பவே. பேசாத, வெளிய கொண்டா!"

"என்னக்கா சொல்ற? இது புதுசு. இப்பத்தான் கட்டினாங்க."

"அதே கணக்குடி. அதே கம்பி. அது இதவிட நீளம். மேல அண்ணாந்து பாக்காத, நின்னு யோசிக்காத. கதவு கிட்ட இருக்கறவங்க முதல்ல போகட்டும். ஓடச் சொல்லு."

அவள் போனைக் கீழே இறக்காமலே கத்தினாள். ஒருத்தி "மறுபடியுமா?" என்று அலுத்துக்கொண்டது கேட்டது. பின்பு காலடிச் சத்தம், நாற்காலி விழுகிற சத்தம், ஒரு குழந்தை அழுகிற சத்தம். யாரோ வேலைக்குக் குழந்தையைக் கூட்டி வந்திருக்கிறாள் போல. நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். எதை எண்ணினேன் என்று தெரியாது. பிறகு தொலைபேசியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நேராகத் தலையில் விழுகிற மழை.

"வந்துட்டோம்," என்றாள். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு. "தெருவுல நிக்கறோம். எல்லாரும் தொப்பலா நனைஞ்சு போயிட்டோம். ரெண்டு பேர் மாசமா இருக்காங்க. பக்கத்துல பஸ் ஸ்டாண்டு இருக்குக்கா, பெரிய கூரை போட்டிருக்கு. அங்க கூட்டிட்டுப் போறேன்."

என் கை தானாகவே தாய்க்கோப்பைத் திறந்தது. அதிலிருந்து பிறந்த வேலைகளின் பட்டியல் ஒரு மூலையில் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. நாற்பத்தொன்று. பள்ளிக்கூடக் கூடம். மருத்துவமனை, காத்திருக்கும் இடம். விளையாட்டரங்கம். பதினேழாவது வரியில்: பேருந்து நிலையம், கூரை. எந்தக் கூரைக்கு ஆலை கணக்குப் பார்த்தது, எதைப் பட்டறை சும்மா ஒட்டிக் கொடுத்தது என்று அந்தப் பட்டியலில் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாலும் தெரியாது. எல்லாம் பச்சையாக இருக்கும்.

"பஸ் ஸ்டாண்டு வேணாம்" என்றேன்.

"ஏன்?"

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. பெரிய சார் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். "அந்த லிஸ்ட்ட மூடும்மா" என்றார், மிகவும் சாந்தமாக.

நான் மூடவில்லை. அண்ணன் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"அக்கா, கேக்குதா? இங்க கொழந்தை இருக்கு. மழை நிக்கற மாதிரி தெரியல." அவள் குரலில் இப்போது கோபம் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. "எதுக்குள்ள போகலாம்னு நீயே சொல்லு. நீ சொல்ற எடத்துக்குப் போறேன்."

பட்டியலை மேலே தள்ளினேன். கீழே இழுத்தேன். முதல் வரியிலிருந்து நாற்பத்தொன்றாவது வரி வரைக்கும் படித்தேன். அப்புறம் அந்த ஊரில் நாங்கள் கைவைக்காத பெரிய கட்டடம் ஏதாவது உண்டா என்று யோசித்தேன்.

"மழையிலேயே நில்லு," என்றேன்.